குறிப்பு என்கிற பத்தி

கலெக்டர் ஆபீஸ் மூன்றாம் மாடியில்
ஏழு பத்தி உள்ள ஒரு அட்டவணையை
நிரப்பித் தரச் சொன்னார்கள்.
ஆண்டு, வென்றவர், கட்சி, வாக்குகள்,
அடுத்து வந்தவர், வித்தியாசம், குறிப்பு.
தொகுதி: நாகர்கோவில்.
எனக்குத் தினக்கூலி. சோறு வீட்டிலிருந்து.

முதல் வரிசையிலேயே தடங்கல்.
அன்றைக்கு இந்த ஊர் வேறொரு ராஜ்ஜியக் கணக்கில் இருந்தது,
ஜெயித்தவர் பஸ் ஏறியது திருவனந்தபுரத்துக்கு.
ஐம்பத்தாறு நவம்பருக்குப் பிறகும்
அதே வடசேரி, அதே பழையாறு;
சட்டசபை மட்டும்
எழுநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.
"இதை எந்தப் பத்தியில அடிக்கணும் சார்?"
கோலப்பன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"எடம் இருந்தா அடி. இல்லேன்னா விட்டுரு மக்கா."

ஆளுக்கொரு பெட்டி வைத்த காலம் அது.
ஒழுகினசேரியில் ஒருத்தி
ஜன்னலோரப் பெட்டியாகப் பார்த்துச் சீட்டைப் போட்டாளாம்,
காத்தோட்டமா இருக்கட்டும் என்று.
பிறகு வந்தது தாளும் முத்திரையும்.
ஈரம் காயுமுன் தப்பாக மடித்தால்
எதிர்ப்பக்கத்திலும் ஒரு முத்திரை விழும்.
இரண்டு பேரை வாழ்த்திய தாள்களைப் பிரித்தெடுத்து
சணல் போட்டுக் கட்டி
செல்லாதவை என்று எழுதினார்கள்.
அந்தக் கட்டின் கனத்தைவிடக்
குறைந்த வித்தியாசத்தில் தோற்றவர்
கோணத்து வெயிலில் கார் கதவைத் திறக்கத் தெரியாமல் நின்றதாகச்
சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எல்லைகளைத் திருத்தி வரைந்த வருடம்
எங்கள் தெருவின் கீழ்ச்சாரி
பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டது.
எதிர்வீட்டுப் பீர்க்கண்ணு மாமாவும் நாங்களும்
ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம்.
அந்தக் குழாய்க்கு இரண்டு எம்.எல்.ஏ.
வராதது தண்ணீர்தான்.

'மற்றவர்கள்' என்று ஒரு வரி.
அதைக் கூட்டிச் சரிபார்க்க
எலி கடித்த பேரேட்டைப் புரட்டும்போதுதான்
அந்தப் பெயர் வந்து இடித்தது.
ஞா. குமரேசதாஸ், சுயேச்சை, வெட்டூர்ணிமடம்.
ஏணிக்கு 212.
ஐந்து வருடம் கழித்துச் சீப்புக்கு 97.
அதற்கும் பிறகு தையல் மெஷினுக்கு 31.
டெபாசிட், டெபாசிட், டெபாசிட்.

எனக்கு அவரைத் தெரியும்.
சைக்கிள் கடை. கிரீஸ் போகாத நகங்கள்.
பஸ் ஸ்டாண்ட் வாசலில் மைக் இல்லாமல் நின்று
ஒன்றையே கேட்டார் மூன்று தேர்தலாக:
பெண்கள் கக்கூஸ் கதவுக்கு
உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.
ஆம்பிளைகள் சிரித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.
பெண்களும் சிரித்தார்கள்,
வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள
ஆள் தேடியபடி.

அந்த முப்பத்தொன்றில் ஒன்று அம்மாவுடையது.
எனக்கு ஏழு வயது, மறைப்புத் தட்டிவரை கூடப் போனேன்.
தாழ்ப்பாளுக்காகவா,
அல்லது பார்த்துப் பழகிய தையல் மெஷின் என்பதாலா
என்று நான் கேட்டதில்லை.
அவள் இறந்து நாலு வருடம்.
பட்டியலில் இன்னும் இருக்கிறாள், வரிசை எண் 418;
போன தடவை
எனக்கு முன்னாடியே வந்து ஓட்டும் போட்டுவிட்டாள்.
பூத் ஏஜென்டுகள் யாரும் முகம் பார்க்கவில்லை.

தாழ்ப்பாள் ஒருநாள் வந்தது.
ஜெயித்த ஒருவர் வைத்தார்,
கதவை மறைக்கும் அளவுக்குக் கல்வெட்டோடு.
எந்த வருடம் என்று எந்தப் பேரேட்டிலும் இல்லை.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு
தையல் மெஷின் வருடத்துக்கு நேரே
கடைசிப் பத்தியில் அடித்தேன், ஒரே ஒரு சொல்.
பத்தி ஒடுக்கம்.
அச்சில் அது
தாழ்ப்
பாள்
என்று இரண்டாக முறிந்து வந்தது.

சிவப்புப் பென்சிலோடு சார் அங்கே கொஞ்சம் நின்றார்.
"இது என்ன, பேரா?" என்றார்.
ஆமாம் சார் என்றேன்.
அடுத்த பக்கத்துக்குப் போனார்.