பற்று வரவு

சிலோயே தீவில் காகிதம் மூன்று மாதம் தாங்கினால் அதிகம்.
மழை விடாது. எழுதியதையெல்லாம்
நமக்கு முன்பே பூஞ்சை படித்து முடித்துவிடும்.
அதனால் எதெல்மிரா சிகுவாய்
தன் கடைக் கணக்கைக் கடற்பாசியில் தைத்தாள்.

கொச்சாயுயோ என்போம். பாறையில் வளரும் தடித்த பாசி,
காய்ந்தால் செருப்புத் தோல்.
முழுக்கக் காய்ந்ததில் ஊசி இறங்கினால் வெடிக்கும்,
ஈரத்தில் இறங்கினால் கிழியும்.
இரண்டுக்கும் நடுவே
காதுமடல் போல மடங்குகிற பதம் அரை நாள் வரும்.
அந்த அரை நாள் கடைக்கு யாரும் போகமாட்டோம்.
அவள் வாயில் மூன்று ஊசி இருக்கும்,
விலை கேட்டால் பதில் வராது.

வீட்டுக்கு ஒரு பட்டை, பட்டைக்கு ஓர் ஆணி.
மாவு என்றால் வெள்ளைக் கம்பளியில் குறுக்குத் தையல்.
எரிவாயு உருளைக்கு மஞ்சள் சங்கிலி.
அரைக் கிலோ சர்க்கரைக்கு அரைத் தையல், நுனி தொங்கும்.
ஒயினுக்கு ஊதா முடிச்சு.

என் பட்டையில் பதினொரு முடிச்சு.
ஒர்த்தென்சியா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்;
ஊதாவைக் கூட்டாமலே படித்தாள்.
"திராட்சைத் தோட்டமே போட்டிருக்கிறாயே"
என்றாள், கடை நிறைய ஆள் இருக்கும்போது.

அந்த மார்ச்சில் கடல் சிவந்தது.
சிவப்பு என்று பெயர்தான், பார்வைக்கு எப்போதும் போலவே இருந்தது.
மட்டியில் நஞ்சு, சிப்பியில் நஞ்சு,
யாரும் மூழ்கக் கூடாது என்று
துறைமுகத்தில் ஒட்டினார்கள். அந்தத் தாளும் பூஞ்சை பிடித்தது.
என் ரப்பர் உடை கொடியில் தொங்கியது,
வேலை இல்லாத இன்னொருவனாக.

பட்டைகள் நீண்டன.
இடம் தீர்ந்தால் இன்னொன்றை
மீன்முள் தையலால் ஒட்டுப் போட்டாள்.
ரெமொல்கோய் வீட்டுப் பட்டை தரையைத் தொட,
பூனை அதில் நகம் தீட்டியது.
இரண்டு கிலோ மாவு அப்படித் தள்ளுபடி ஆயிற்று.

ஜூனில் விற்கவும் ஒன்றுமில்லை.
ஒரு ஞாயிறு கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டாள்.
கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தோம்:
பிரிக்கிறாள்.
ஊசி முனையால் நெம்பி, பல்லால் கடித்து,
ஒவ்வொரு வீடாக.
இரவெல்லாம் பட்டைகள் வாளியில் ஊறின.
காலையில் பெரிய அண்டா. வெங்காயம்.
உருளைக்கிழங்கு மட்டும் எங்களுடையது.

யாரும் நன்றி சொன்னதாக நினைவில்லை.
சூடாக இருந்தது.
என் கரண்டியில் ஏறிய துண்டில் வரிசையாகத் துளைகள்.
எண்ணினேன். ஒன்பது.
வெந்து பெருத்ததில் மற்றவை மூடிக்கொண்டிருக்கலாம் என்று
மென்றேன். பல்லிடுக்கில் ஓர் ஊதா இழை.
ஒர்த்தென்சியா தன் தட்டிலிருந்து ஒரு துண்டை
என் பக்கம் தள்ளினாள்:
"இதுவும் உன்னுடையது போலிருக்கிறது."
அதில் இரண்டு துளை.

ஆகஸ்டில் கடலைத் திறந்தார்கள்.
முதல் மூச்சில் நான் மட்டி தேடவில்லை.
ஆள் நீளப் பாசி ஒன்றை அறுத்துத் தோளில் போட்டு
சொட்டச் சொட்டக் கடைக்குள் போனேன்.
"பதினொன்று" என்றேன்.
வாயில் ஊசியோடு அவள்
பாசியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்,
இன்னும் ஈரம் என்று தலையசைத்தாள்,
என் பழைய ஆணியில் மாட்டினாள்.

தண்ணீர் சொட்டிய இடத்திலிருந்து கால்களை நகர்த்தியபோதுதான்
காலுறையைப் பார்த்தேன். புதிது.
வெள்ளை, மஞ்சள், நடுவே யார் வீட்டுதோ ஒரு பச்சை.
குதிகால் மட்டும், இரண்டிலும், ஊதா.