உலர்களம்

அட்டவணைப்படி இந்நேரம்
கோடியக்கரையில் பூநாரைகளுக்கு எதிரே
அடுப்பைப் பற்றவைத்திருக்க வேண்டும்.
மாலை ஐந்தரை, இஞ்சி டீ என்று
கட்டம் போட்டு பிரிண்ட் எடுத்து
ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருக்கிறார் பூபதி.

புயலிடம் அட்டவணை இல்லை.
நாகப்பட்டினம் என்றார்கள், காலையில் வேதாரண்யம்,
மத்தியானம் தெற்கே திரும்பி
எங்களைத் தேடுவதுபோல் வந்தது.

அறந்தாங்கி ரோட்டில் தரைப்பாலம் இல்லை.
பாலம் இருந்த இடத்தில்
செம்மண் கலரில் ஓர் அவசரம் ஓடிக்கொண்டிருந்தது,
யாருடைய வைக்கோல் படப்பையோ
முழுசாகத் தூக்கிக்கொண்டு.
"ரிவர்ஸ்" என்றேன்.
"பார்க்கலாம்" என்றார்.
இருபத்தோரு வருடமாக நாங்கள்
பேசிக்கொள்வது இந்த இரண்டு வார்த்தைதான்.

பதினேழு சீட்டையும் கழற்றிப் போட்டு
கட்டிலும் சிங்க்கும் வைத்த வண்டி
கடைசியில் பின்னால் நகர்ந்தபோது
பாத்திரங்கள் எல்லாம் என் பக்கம் பேசின.

புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில்
கேட்டைத் திறந்துவிட்டார்கள்.
நெல் காயப்போடும் சிமெண்ட் களம்.
"இங்க இதுதாங்க மேடு" என்றார்
சூப்பர்வைசர் வயிரவன்.
வெயிலுக்காகக் கட்டிய தரை.
அதன்மேல் விரற்கடை ஆழத் தண்ணீர்
அடுப்பில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது.
அவித்த நெல்லின் புழுங்கல் வாடை
மழையை மீறி வந்து
போர்வையில் உட்கார்ந்தது.

ஏழு மணிக்குக் கரண்ட் போனது.
காரைக்குடி வரைக்கும் இருட்டாம்.
டவர் மட்டும் எப்படியோ உயிரோடு இருந்தது,
எங்கள் ஜன்னலில் மஞ்சள் வெளிச்சமும்.

முதலில் முன்னா வந்தான்,
முசாபர்பூரிலிருந்து மூட்டை தூக்க வந்த பையன்.
பேசாமல் செல்போனைக் காட்டினான்:
ஒரு கோடு சார்ஜ்.
அப்புறம் பாய்லர் அடைக்கலம்.
அப்புறம் உரச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு
நெல் துழாவும் பெண்கள் நாலு பேர்,
ஒயர் நனையாமல் மாராப்புக்குள் வைத்து.
"ஏக்கா, இது பஸ்ஸா, வீடா?"
நான் யோசிப்பதற்குள்
இன்னொருவர் மூன்று பின் பிளக் கேட்டார்.

பத்து மணி வாக்கில் காற்று
கொட்டகைத் தார்ப்பாயைப் பிடுங்கியது.
எல்லோரும் ஓடினார்கள்.
பூபதியும் ஓடினார்,
கைலியை மடித்துக் கட்டி,
இருபது வருடம் ஆடிட் ஆபீஸில் குனிந்த முதுகோடு.

நான் இருந்தேன், போன்களோடு.
தலையணையில், தட்டில்,
பருப்பு டப்பா மூடியில்.
ஒன்று அணைந்தால் ஒன்று விழித்தது.
கலா பள்ளத்தூர்.
மச்சான் புதுசு.
வட்டி செல்லையா, மூன்று தடவை,
இந்த மழையிலும்.
எடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.
முன்னாவின் போனில்
எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து,
கீழே முக்காடிட்ட ஒரு பெண்ணின் படம்,
ஐந்தாவது முறை.
எடுத்து, "முன்னா டீக்" என்றேன்.
அந்தப் பக்கம் நீளமாக என்னவோ கேட்டார்கள்.
எல்லாவற்றுக்கும் "டீக்" என்றேன்.
கடைசியில் அந்த அம்மாளும் "டீக்" என்றாள்.

பன்னிரண்டரை ஆகியும் காணோமே என்று
பூபதியைக் கூப்பிட்டேன்.
பருப்பு டப்பா மூடி அதிர்ந்தது.
இதையும் யாரோ என்று நினைத்து
நானேதான் சார்ஜ் போட்டிருக்கிறேன்.
திரையில் என் நம்பர்.
அதற்கு மேலே பெயர்:
ரிவர்ஸ்.

அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
சந்தேகம் தீர இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

இரண்டரை மணிக்கு வந்தார்,
புருவம் வரைக்கும் உமி.
வண்டி பேட்டரியில் நாலு சதவீதம்.
அவர் போனைக் கழற்றிவிட்டு
அந்த ஒயரில் வேறொன்றைச் செருகினேன்.
ஒன்பது மணி நேரம் தாமதமாக
இஞ்சி தட்டினேன்.
எத்தனை மூட்டை நனைந்தது என்று கேட்டேன்.

"எண்ணலை" என்றார்.