ஆழம் கேட்டவள்

காலை ஆறரைக்கு அணைக்கட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
அளவுகோலில் நீர் தொடும் கோட்டை வாசிப்பது
என் உத்தியோகம்.
இருபத்தொரு அடி, நாலு அங்குலம்.
பேரேட்டில் எழுதிக் கையெழுத்து வைத்தால்
மல்லாவிப் பக்கம் பாதிப்பேர்
சிறுபோகம் விதைப்பதா விடுவதா என்று
அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

இப்படிப்பட்ட ஒருத்தியைத்தான்
மூன்று மாத விசாவில் நோர்வேக்குக் கூப்பிட்டு
மலை பார், நீர் பார் என்றார்கள்.

கடல் மலைக்குள் புகுந்து
வழி தவறி நின்றுவிட்டதுபோல் ஒரு நீர்.
ஃபியோர்ட் என்றார்கள். கரும்பச்சை. அசைவில்லை.
கப்பல் தட்டில் எல்லாரும் போனை உயர்த்தினார்கள்.
நான் கேட்டேன்: "எத்தினை அடி?"

அக்காவின் மகன் ஆரூரன் தேடிப் பார்த்து
"ஐந்நூறு மீற்றர், சித்தி" என்றான்.
மனதுக்குள் பெருக்கினேன்.
ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.
எங்கள் கோல் இருபத்தாறோடு முடிகிறது.
"இவ்வளவு தண்ணிக்கும் துருசு எங்க?"
அத்தான் சிரித்தார்.
பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரருக்கும் சொல்லிச் சிரித்தார்.
நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

மலையின் நெற்றியிலிருந்து நூல்நூலாய் அருவிகள்
ஒரு வாய்க்காலுக்கும் கடமைப்படாமல்
ஒரு கமக்காரரிடமும் ஏச்சு வாங்காமல்
நேரே உப்புக்குள் விழுந்தன.
அழகு என்பது
முறைவைத்துத் திறக்கத் தேவையில்லாத தண்ணீர்
என்று அன்றிரவு தோன்றியது.
இரவு என்று சொல்கிறேன், இருட்டவில்லை.
நடுச்சாமச் சூரியனில் உடுப்புக் காயப்போட்டேன்.
காய்ந்தது.

நாலாவது கிழமை ஒரு காடு.
வெள்ளைத் தோல் உரியும் மரங்கள்.
பேர்ச் என்றான் ஆரூரன்.
பாலையும் முதிரையும் பார்த்த கண்ணுக்கு
யாரோ சுண்ணாம்படித்து நட்ட கதியால்கள்;
ஆனால் அந்த வெளிச்சம்,
இலைக்கு இலை தாவி இறங்கிய அந்த வெளிச்சம்!

அக்கா காரை விட்டு இறங்கவில்லை.
கண்ணாடியை ஏற்றிவிட்டு
மிக்சர் பைக்கற் ஒன்றைப் பிரித்தாள்.
"கால் நோகுதோ?"
"இல்லை."
கொறித்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
"தொண்ணூற்றெட்டில இப்பிடியொரு காட்டுக்க
பதினொரு நாள் நிண்டனாங்கள்.
ஏஜென்சிக்காரன் விட்டிட்டுப் போட்டான்.
எந்த நாடெண்டே தெரியாது.
இதே மரம்தான்.
தோலை உரிச்சு எரிச்சனாங்கள். நல்லாப் பத்தும்."
அவ்வளவுதான்.
பைக்கற்றை என்னிடம் நீட்டினாள்.
உறைப்புக் கூட.

"சித்தி, வாங்கோ, வெளிச்சம் போயிடும்!"
போனேன். மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.
இன்றைக்கும் என் போனைத் திறந்தால்
முதலில் வருவது அந்தப் படம்தான்.

போன ஞாயிறு பின்னேரம்
வாடகை ஸ்கூட்டரில் ஒரு சோடி
அணைக்கட்டுக்கு வந்து இறங்கியது.
தட்டுத்தடுமாறும் தமிழ், வெயிலில் சிவந்த மூக்கு.
நீருக்குள் பட்டு நிற்கும் மரங்களையும்
அவற்றில் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகங்களையும்
பின்னால் இறங்கிய சூரியனையும் பார்த்து
கொஞ்ச நேரம் அவர்களுக்குப் பேச்சு வரவில்லை.

"அங்க போகலாமா?"
பையன் கைகாட்டியது மறுகரை.
அந்தப் பெரிய பாலைக்குக் கீழ்
ஒரு தறப்பாளும் பதினாறு பேருமாய்
நாங்கள் கிடந்துவிட்டு,
பதினைந்து பேராய் எழும்பிக் கிழக்கே நடந்தோம்.
அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை.
அங்கே எனக்கு வாசிக்கக் கோல் ஏதுமில்லை.

"போகலாம். இருட்ட முதல் திரும்புங்கோ, யானை வரும்."

பிள்ளை போகவில்லை.
அலைகரைக் கல்லில் குந்தி
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு கேட்டாள்:
"அன்ரி, இது எவ்வளவு ஆழம்?"

ஒரு கணம் எனக்குக் கப்பல் தட்டு.
"இருபத்தொரு அடி, நாலு அங்குலம்" என்றேன்.
அவள் அதைப் போனில் எழுதிக்கொண்டாள்.

என் பையில் கச்சான் இருந்தது.
எடுத்து நீட்டினேன்.