இடிப்புக் கூலி

வேதாளையில் வீட்டை இடிக்க
மணிக்கு ஆயிரத்து முந்நூறு கேட்டார் பூமிராஜ்.
டீசல் என் கணக்கு.
ஜேசிபியின் கை மேற்குச் சுவரைத் தொட்டதும்
செங்கல் விழவில்லை.
வெள்ளையாய், துளை துளையாய்
தேனடையைப் பிய்த்ததுபோல் எதுவோ உதிர்ந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.
"என்ன பாய், கல்லு பூராம் கறையான் அரிச்சிருக்கு?"

கறையான் இல்லை. பார்.
மடிப்பு மடிப்பாய் ஒன்று, ஆட்டு மூளை மாதிரி.
கிளை முறிந்த மான்கொம்பு மாதிரி இன்னொன்று.
நாங்கள் இதைப் பவளம் என்று சொன்னதில்லை.
பவளம் கழுத்துக்கு.
பார், வீட்டுக்கு.

வாப்பாவின் கணக்கு நோட்டில் இருக்கிறது:
வத்தைக்கு எட்டு ரூபாய்,
கடப்பாரைக் கூலி தனி,
மொத்தம் நாற்பத்திரண்டு வத்தை.
சுண்ணாம்பும் அதே பார்தான், காளவாயில் வெந்தது.
கல்லும் கடல்,
கல்லைக் கல்லோடு ஒட்டியதும் கடல்.

"உசுரா, கல்லா இது?"

வெட்டி வந்து கரையில் குவித்து வைப்பார்களாம்.
ஒரு மாதம் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளுமாம்.
நாற்றம் போன பிறகுதான்
அதைக் கல் என்று சொல்வது.

தடை அப்போது இல்லை.
இருந்திருந்தாலும் கட்டியிருப்பார்,
மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்றவர்.
அக்காமார் மூவருக்கும் நிக்காஹ் இந்தக் கூடத்தில்தான்.
ஐப்பசியில் சுவர் வேர்க்கும்.
எந்தப் பெயிண்டும் இரண்டு மழை தாண்டியதில்லை.
உப்பு, உப்பு என்று கொத்தனாரைத் திட்டினோம்.

முன்பெல்லாம் அலை
தீவுக்கு அந்தப் பக்கமே உடைந்துவிடும்.
இப்போது நேராக வந்து
வலைக்கொட்டகையில் உடைகிறது.
போன கார்த்திகையில் கொட்டகையும் இல்லை.
ஊராட்சியிலிருந்து ஆள் வந்தார்:
"இடிசலை வித்துராதீங்க, கரையில கொட்டணும்."

பதினோரு லோடு.
கடைசி லோடு சரிந்தபோது
பாசி எடுத்துவிட்டு இடுப்புத் தண்ணீரில் வந்த இருளாயி
ஒரு துண்டைப் புரட்டிப் பார்த்தாள்.
ஒரு பக்கம் பூப்பூவாய்க் குழிகள்,
மறுபக்கம் எங்கள் அடுப்படியின் நீலம்,
காலண்டர் மாட்டிய ஆணி அப்படியே.

"ஆணியப் புடுங்கிட்டாவது போட்டிருக்கலாம்ல,
காலுல ஏறும்."

அவ்வளவுதான் சொன்னாள்.
மடியில் இருந்த மரிக்கொழுந்துப் பாசியைப் பிழிந்தாள்.
கால் கிலோ தேறாது.

நான் ஆணியைப் பிடுங்கப் பார்த்தேன்.
வரவில்லை.
ஐம்பது வருடம் சுவரில் இருந்தும்
பார் பிடியை விடவில்லை.

திரும்பி வந்தால் பூமிராஜ் காத்திருக்கிறார்:
"அஸ்திவாரத்தையும் தோண்டிரவா? அதுவும் இதே கல்லுதான."
தோண்டச் சொன்னேன்.
குழிக்குள் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊறியது.
தொட்டு நாக்கில் வைத்தேன்.
வாப்பா காலத்தில் இதே இடத்தில்
நல்ல தண்ணீர்க் கிணறு.

அந்தியில் புது வீட்டுக்கு எம்-சாண்ட் வந்து இறங்கியது,
சாம்பல் நிறம், இன்னும் சூடு ஆறாமல்.
எந்த மலை என்று
டிரைவரிடம் நான் கேட்கவில்லை.
யூனிட் கணக்கை மட்டும்
இரண்டு தடவை சரிபார்த்தேன்.