பதினான்காம் வரிசை

சூளகிரி தாண்டி, மாங்கூழ்க் கிடங்காய் இருந்த கொட்டகைக்குள்
ஒரு விமானத்தின் வயிறு மட்டும் கிடக்கிறது.
இறக்கை இல்லை, மூக்கு இல்லை.
நான்கு கதவுகள்,
எதைத் திறந்தாலும் சிமெண்டுத் தரை.

நாள்கூலி அறுநூறு. மதியம் தக்காளிச் சாதம்.
முதலில் இறங்கும் முப்பது பேருக்கு டோக்கன்,
டோக்கனுக்கு இருநூறு.
பயத்தை வரவழைக்க
இதைவிட மலிவான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

என் வேலை
எந்தக் கதவு திறக்காது என்று முடிவு செய்வது.
யாரிடமும் சொல்லக் கூடாது.

முதல் ஓட்டம்.
நாடகக் கம்பெனிப் புகை உள்ளே ஏறுகிறது,
அதற்கும் அடியில் போன வருஷத்து மாம்பழ வாசம்.
'பெல்ட்டைக் கழட்டு! பையை விடு! இப்படி வா!'
தமிழில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை.
அறுபது பேர். தொண்ணூறு நொடி.

இருபத்தாறாம் நொடியில் கெம்பம்மா வாசலில்.
கையில் பதினோராம் டோக்கன்.
ஒரு கால் வெளியே.
தன்னோடு ஒரே வேனில் வந்த மூவரைத் தேடித்
திரும்பிப் பார்த்தாள்.

பதினான்காம் வரிசை.
பேரிகைப் பக்கம் ரோஜா பறிக்கிறவர்கள்,
பெல்ட்டோடு, மடியில் கை வைத்து,
யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று
ஒழுங்காய் உட்கார்ந்திருந்தார்கள்.

இறங்குகிற கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு
உள்ளே போனாள் கெம்பம்மா.
ஒருத்தன் முழங்கை அவள் வாயில் பட்டது.
'லேவண்டி! ரண்டி, ரண்டி!'
எங்கள் ஒலிபெருக்கியில் இல்லாத மொழி
புகைக்குள் நடந்து போய்
மூன்று பெல்ட்டுகளையும் கழற்றியது.

நூற்று நான்கு நொடி.

'எதிர்த்திசை நகர்வு' என்று
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. டிக் செய்தேன்.
அடைபட்ட நேரம்: பதினாலு நொடி.
பேராசிரியர் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார்.
'இந்த ஓட்டத்தை எடுத்துடு' என்றார்.
எடுத்துவிட்டேன்.
அந்த மூவர் வந்ததும்
அதோடு போயிற்று.

டோக்கன் எங்கேயோ விழுந்திருந்தது.
கீழுதடு வீங்கிய கெம்பம்மா
இருநூறு கேட்டு மேஜைக்கு வந்தாள்.
கணக்கு எழுதுகிற மாதப்பன் என்னைப் பார்த்தான்,
நான் படிவத்தைப் பார்த்தேன்.
அதற்கு ஒரு தலைப்பு இல்லை.
'டீ செலவு' என்று எழுதிக் கொடுத்தான்.

மறுநாள் ஏறும்போது
படியில் ஒரு நிமிஷம் நின்று,
எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்:
'இன்னிக்கு எது தெறக்காது சார்?'

எனக்குத் தெரியும்.
கையிலிருந்த கடிகாரத்தைப்
பூஜ்யத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தேன்,
அது ஏற்கெனவே பூஜ்யத்தில்தான் இருந்தது.