முறுக்கு விசை

காக்கி புக்கிட், மூன்றாம் மாடி, சனி இரவு.
உருளைகள்மேல் கார்களை ஏற்றி
ஓரடிகூட நகராமல் ஓடவிட்டு
பலம் இவ்வளவு என்று தாளில் எழுதித் தருவது என் பிழைப்பு.
பெயர் இசைவாணி.
வலது காது பாதிதான் கேட்கும்,
பதினோரு வருடப் புகைக்குழாய்களின் உபயம்.

இன்று வந்தவர்கள் மைத்துனர்கள்.
பந்தயம் மிளகு நண்டு.
பூன் ஹெங்குடையது எட்டு சிலிண்டர், ஐந்து லிட்டர்,
மஞ்சள் உடம்பு, முதுகில் கறுப்புப் பட்டை,
உரிமைச் சான்றிதழ் முடிய இன்னும் பத்தொன்பது நாள்.
சியாங் வெய்யுடையது
கரைந்துபோன வெள்ளைச் சோப்புக்கட்டி மாதிரி ஒன்று.
முன்மூடியைத் திறந்தால் இஞ்சினுக்குப் பதில்
ஒரு குடையும் பிள்ளையின் நீச்சல் பையும்.

முதலில் மஞ்சள்.
நான்கு வாரால் இறுக்கிக் கட்டினேன்.
மூவாயிரத்தில் முனகியது,
ஐந்தாயிரத்தில் மீசையை முறுக்கியது,
ஏழாயிரத்தை எட்டியபோது
மேசைமேல் வைத்த கோப்பி
தனக்குள் வட்டம் வட்டமாய் நடுங்கியது.
கீழ்மாடி டயர்க்கடைக்காரர் வழக்கம்போல்
கம்பால் கூரையை இடித்தார்.
என் மகள் நறுமுகை, எட்டு வயது,
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு
கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.
எனக்கு அது பாதம் வழியாக வந்தது,
முழங்கால்வரை ஏறி நின்றது.

பிறகு வெள்ளை.
அதே வார், அதே விசிறி.
சியாங் வெய் மிதித்தார்.
சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம்,
அவ்வளவுதான்.

"அம்மா, எப்ப ஆரம்பிக்கும்?"
"முடிஞ்சுபோச்சு."
"பொய்."

பொய்யில்லை, தாளில் இருக்கிறது.
மஞ்சளின் கோடு
லிஃப்ட் பழுதான புளோக்கில் படியேறும் ஆள் மாதிரி
மூச்சு வாங்கி மூச்சு வாங்கி உச்சிக்குப் போகிறது.
வெள்ளையின் கோடு புறப்படுவதே உச்சியில்.
கொஞ்ச தூரம் மேசைபோல் தட்டை,
அப்புறம் சரிவு.
ஏறிய தடயமே கிடையாது.

பூன் ஹெங் தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.
இன்னொரு தடவை என்றார்.
அதற்குப் பிறகும் இன்னொரு தடவை.
ஐந்தாவது ஓட்டத்தில் வெள்ளைக்கு உடம்பு சுட்டு
திரையில் குட்டி ஆமை ஒன்று எட்டிப்பார்த்தது.
அவர் கைதட்டினார்.
ஆறாவதில் மஞ்சளின் தண்ணீர் கொதித்தது.
யாரும் கைதட்டவில்லை.

"நண்டுக்கு யார் காசு?"
என்னைக் கேட்டார்கள்.
நூறைத் தொட வெள்ளைக்கு மூன்றரை நொடி,
மஞ்சளுக்கு நாலரை என்றேன்.
தொட்டபின் எங்கே போவது
என்று நான் கேட்கவில்லை.
விரைவுச்சாலையில் தொண்ணூறு,
துவாஸில் தொடங்கினால் சாங்கியில் கடல்.

இருவரும் இறங்கிப் போனதை
நடைவழிச் சுவரில் சாய்ந்து பார்த்தேன்.
முதல் சமிக்ஞையிலேயே சிவப்பு.
ஒன்று உறுமிக்கொண்டும்
ஒன்று சும்மாவும்
பக்கத்துப் பக்கத்தில் நின்றன.
நாலு சக்கர வண்டியில் காய்கறி தள்ளிக்கொண்டு
ஒரு சீன மூதாட்டி
கம்பத்தில் அட்டையைத் தட்டினார்,
கடக்கக் கூடுதல் நொடிகள் கிடைத்தன.
எண்ணூற்றுச் சொச்சம் குதிரைகள்
ஒரு கட்டு கங்கோங் கீரைக்காகக் காத்திருந்தன.
பாதி வழியில் நின்று அவர் மஞ்சளைத் திரும்பி முறைத்தார்.
வெள்ளையை அவர் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து விளக்கணைத்த பின்
நறுமுகை தூங்கிப்போனாள்.
அவள் மூச்சு
இடது காதுக்கு வந்தது.
வலது காதில்
அந்த எட்டு சிலிண்டரும் இன்னும் ஓடுகின்றன,
மெல்ல, ஒரே சுருதியில்.
பத்தொன்பது நாள் கழித்து அந்தக் காரை நசுக்கிவிடுவார்கள்.
இதற்கு மட்டும்
யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.