ஆயிரத்து அறுநூற்று நாற்பது

சட்டையைக் கழற்றுங்க என்றார்
செவிலியர் மரியபுஷ்பம்.
மூன்று முறை குளித்தும்
கழுத்தில் நெல்லுச் சொணை அரித்தது.
தொப்பி போட்ட மகளை
தவளைக்குஞ்சு போல மடக்கி
என் நெஞ்சோடு வைத்துக் கட்டினார்.
மூக்கு மூடாம பாத்துக்குங்க. அசையாதீங்க.

எரவாஞ்சேரி கொள்முதல் நிலையத்தில்
ஈரப்பதம் இருபத்திரண்டு என்று
ஐந்து நாளாய்க் கிடக்கிறது என் நெல்.
காய்ந்தால்தான் எடுப்பார்களாம்.
இங்கே
ஈரத்தோடு வாங்கிக்கொண்டார்கள் இவளை,
ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம்.

அடுத்த கட்டிலில் செண்பகவல்லி
காய்ச்சல் விட்டு உறங்குகிறாள்.
பீய்ச்சி வைத்த பால், சங்கில்
பதினைந்து மில்லி.

இரண்டு மணிக்கு மழை பிடித்தது.
மச்சானைத் தார்ப்பாய் போடச் சொல்லணும்.
போன் கை எட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

எடுக்கவில்லை.
இவள் கொட்டாவி விட்டாள்.
எனக்கும் வந்தது.